ஒன்பது பேருக்கு விடுப்பு

"ரெண்டு பேருக்கு இல்லக்கா. ஒன்பது பேருக்கு லீவு வேணும்."

சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

ஈரோட்டில் ஒரு டயர் கடையின் பின்னறை. மதியச் சாப்பாட்டு நேரம். போனில் பேசியவன் கோவில்பட்டி இசக்கிராஜ். நான்கு வருடமாக எழுத்தில் மட்டும் பழக்கம். குரலை இன்றுதான் கேட்கிறாள்.

அவள் இணையத்தில் ஒரு மல்யுத்தக் குழு நடத்துகிறாள். அங்கே மேடை கிடையாது. அடி, உதை கிடையாது. ஆளுக்கு ஒன்றிரண்டு வீரர்களைக் கற்பனையாக உண்டாக்கி, அந்த வீரன் பேசுவதுபோலச் சவால் எழுதுவார்கள். எவர் எழுத்து மேலோ அவருடைய வீரனுக்கு வெற்றி.

யாரோடு யார் மோதுவது, யாருக்கு இந்த வாரம் எவ்வளவு எழுத்து வேலை, எல்லாம் அவள் பட்டியலில் இருக்கும்.

பதின்மூன்று எழுத்தாளர்கள். ஒருவருக்கு இரண்டு வீரர்களுக்கு மேல் கூடாது. அது அவள் போட்ட விதி. அளவில்லாமல் இழுத்துப் போட்டு எழுதி, களைத்துப்போய் விலகியவர்களைப் பார்த்தபின் போட்டது.

வண்டியிலிருந்து விழுந்து வலது கை ஒடிந்துவிட்டது என்றுதான் இசக்கிராஜ் பேச்சைத் தொடங்கினான். உங்கள் இரண்டு வீரர்களுக்கும் ஆறு வாரம் ஓய்வு, நீங்கள் கையைப் பாருங்கள் என்றாள்.

அதற்குத்தான் இந்தப் பதில்.

"புரியலீங்க தம்பி. வேற யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. எழுதுற பதின்மூணு பேர்ல ஒன்பது பேரு நான்தான்க்கா."

கையிலிருந்த ரசக் கிண்ணம் சாய்ந்து, ரசம் தட்டின் விளிம்பைத் தாண்டி மேசையில் வழிந்தது.

அவன் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனான்.

குணாளன். தென்னவன்.

அந்த இருவரும் போன தை மாதம் சண்டை போட்டார்கள். ஒருவர் இருந்தால் மற்றவர் இருக்கமாட்டேன் என்றார்கள். மூன்று நாள் இவள் நடுவில் நின்று சமாதானம் செய்துவைத்தாள்.

"ஏன்?"

"ரெண்டு வருஷம் முன்ன எல்லாரும் ஒவ்வொருத்தரா போய்ட்டாங்க. குழுவை மூடிரலாம்னு எழுதியிருந்தீங்க. அதான் புதுசா ரெண்டு ஆளு வந்த மாதிரி வந்தேன். நீங்க சந்தோசப்பட்டீங்க. அப்புறம் நிறுத்த முடியல."

மூன்றாவதாக ஒரு வீரன் கேட்டு இவனே ஒருமுறை விண்ணப்பித்திருந்தான். உங்களுக்கு ஓய்வு முக்கியம் என்று மறுத்திருந்தாள். அப்போது அவன் பதினாறு வீரர்களுக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறான்.

சிரிப்பு வரும்போல இருந்தது. வரவில்லை.

அவன் சொன்ன பெயர்களை விரல்விட்டு எண்ணினாள். அவனையும் சேர்த்து எட்டு.

ஒன்று குறைந்தது.

கேட்காமல் போனை வைத்துவிடலாம் என்று தோன்றியது.

"வினோதினி?"



"வினோதினியும்தான்க்கா."

போன ஆடியில் இவளுக்கு ஐந்தாவது மாதத்தில் குழந்தை தங்காமல் போயிற்று. கடையில் டைபாய்டு என்று சொல்லி விடுப்பு எடுத்தாள். அம்மாவிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. போட்டி முடிவு ஏன் வரவில்லை என்று கேட்ட வினோதினியிடம் சொன்னாள். எனக்கும் அப்படி ஆனது அக்கா என்று வினோதினி எழுதினாள். அதன்பிறகு நாற்பது நாள் தினமும் எழுதிக்கொண்டார்கள். இன்னும் படியிறங்கும்போது கை தானாக வயிற்றைப் பிடிக்கிறது என்று இவள் எழுதியிருந்தாள். கணவனுக்குத் தெரியாத விஷயம் அது.

போனை வைத்தாள்.

கை கழுவினாள். உள்ளங்கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

கணினியில் பட்டியலைத் திறந்து பெயர்களை நீக்கத் தொடங்கினாள். குணாளன் போனார். தென்னவன் போனார். கட்டங்கள் வெள்ளை வெள்ளையாகத் திறந்தன. இசக்கிராஜையும் எடுத்தாள். வினோதினி போக மிச்சம் நான்கு பேர். அவர்கள் எழுதினால் எழுதுவார்கள், இல்லாவிட்டால் இல்லை.

வினோதினி என்ற பெயரில் சுட்டி நின்றபோது கைபேசி அதிர்ந்தது.

வினோதினியின் கணக்கிலிருந்துதான்.

ஒரு சொல் வந்தது. நீண்ட இடைவெளி. இன்னொரு சொல். எழுத்துகள் விட்டுப்போயிருந்தன; சேர்த்துப் படிக்கவேண்டியிருந்தது. இடது கையால் தட்டுகிறான்.

பார்க்கக்கூடாது என்று கவிழ்த்து வைத்தாள். அது மறுபடி மறுபடி அதிர்ந்தது.

எடுத்தாள்.

"எனக்கும் ஆச்சுனு சொன்னது பொய்."

"என் வீட்டுக்காரிக்கு ஆச்சு. அதே ஆடி."

"ரெண்டு மாசம் அவ யார்கிட்டயும் பேசல. எங்கிட்டயும்."

"நீங்க எழுதுறத தினம் அவளுக்கு வாசிச்சுக் காட்டுவேன்."

"பதில் பாதி அவ சொன்னது."

கடைக்கு முன்னால் லாரி ஒன்று பின்னோக்கி வந்து நின்றது. யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேசையில் ரசம் காய்ந்து மஞ்சளாகக் கோடு கட்டியிருந்தது.

எந்தப் பாதி என்று எழுதினாள். அழித்தாள்.

வெட்கமாக இல்லையா என்று எழுதினாள். அதையும் அழித்தாள்.

மறுபடி கூப்பிட்டார்கள். வர்றேன் என்று குரல் கொடுத்தாள். குரல் தன்னுடையதுபோல இல்லை.

பிறகு எழுதி அனுப்பினாள்.

"அவங்க இப்ப பக்கத்துல இருக்காங்களா?"

அனுப்பிவிட்டு, கைபேசியைக் கீழே வைக்காமல் நின்றாள்.