பற்றறிக்குப் பார்த்த வைத்தியம்

“பை பாரம், ஐயா. என்னட்டைத் தாங்கோ.”

நெடுந்தீவு இறங்குதுறையில் வள்ளத்தைக் கட்டி முடியவில்லை. அதற்குள் பள்ளிக்கூட அதிபர் சிவகுரு, கனடாவிலிருந்து வந்த அரியநாயகத்தின் தோள்பையைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டார். வால்பிடிக்கிற ஆட்களைக் கண்டிருப்பீர்கள், இந்த மனுசன் அதில் பட்டம் எடுத்தவர். பக்கத்தில் நின்ற கொம்பியூட்டர் ரீச்சர் கேதீஸ்வரி முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள்.

“கவனம் மாஸ்டர். உள்ளுக்கை என்ரை லப்ரொப் கிடக்கு. உங்களுக்கு அனுப்பினனே, அதே சாதிதான். பற்றறி மட்டும் புதுசு.”

“என்ரை அறையிலை வைச்சுப் பூட்டிவிடுறன், ஐயா. ஒருத்தரும் தொடாயினம்.”

அவர் அனுப்பியது பத்து லப்ரொப். அங்கே ஏதோ கந்தோர் கழித்துவிட்ட பழசு. சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு இந்தத் தருமம் கூடிப்போச்சு: அந்த ஊரில் குப்பை, இங்கே வந்தால் அன்பளிப்பு, மாலை, பேப்பரில் படம். பத்தும் வயரோடு நன்றாக வேலை செய்யும். வயரைக் கழற்றினால் உடனே அணைந்துவிடும். தீவில் ஜெனறேற்றர் ஓடுவதோ பின்னேரத்தில், பள்ளிக்கூடம் நடப்பது பகலில்.

பற்றறி செத்துப்போச்சு என்று கேதீஸ்வரி அறிவித்தபோது அரியநாயகம் பற்றறி அனுப்பவில்லை, ஒரு சீடி அனுப்பினார். பற்றறியைப் பராமரிக்கிற புறோகிறாமாம்.

“வயது போனால் பற்றறிக்கு மறதி வரும், பிள்ளை. முட்ட ஏத்தி, முட்ட இறக்கித் திரும்ப ஏத்தினால் இந்தப் புறோகிறாம் அதுக்கு ஞாபகப்படுத்தும்,” என்று போனில் விளக்கம் வேறு.

கேதீஸ்வரியும் பின்னேரம் பின்னேரமாக ஏற்றி இறக்கினாள். பலன் இல்லாமலில்லை. முன்பு சும்மா அணைந்தது, இப்போது ‘பற்றறி நூறு வீதம் நலம்’ என்று பச்சையில் காட்டிவிட்டு அணைகிறது.

சிரித்துவிட்டு விடலாம். ஆனால் இன்றைக்குக் கல்விக் கந்தோர் அதிகாரியும் வருகிறார். ஒரு மிசினாவது கறண்ட் இல்லாமல் ஒரு பாட நேரம் ஓடவேண்டும், இல்லாவிட்டால் கொம்பியூட்டர் பாடத்தைத் தீவிலிருந்து எடுத்துவிடுவார்கள். படிக்க விருப்பமான பிள்ளை கடல் கடந்து வேலணைக்குப் போகட்டும் என்பது கந்தோரின் ஞாயம். எந்தத் தாய் அனுப்புவாள்?

“சேர், சீடி சரிவரேல்லையெண்டு சொல்லி அவரிட்டைப் பற்றறி கேளுங்கோ,” என்று அவள் கெஞ்சாத நாளில்லை.

“தானமாக் கிடைச்ச மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதே? பேசாமல் இரும்.”

இன்றைக்கும் அதே ஆட்டம்தான். அரியநாயகத்தை வகுப்பில் மாலையோடு கதிரையில் இருத்திவிட்டு, சிவகுரு ஒரு லப்ரொப்பைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது அதன் மூடியில் சந்தனப் பொட்டு, அதன் மேல் ஒரு செவ்வரத்தம்பூ.

“ஐயா தொட்டுத் தொடக்கி வைக்கிற மிசின். சும்மா வைக்கலாமே?”

செத்த சாமானுக்குப் பொட்டு ஒரு கேடு. கேதீஸ்வரி தனக்குள் முணுமுணுத்தாள்.

பிறகு சிவகுரு பேச எழும்பினார். “ஐயா அனுப்பினது சீடி இல்லை. சஞ்சீவி,” என்றார். அரியநாயகம் வெட்கப்படாமல் தலையாட்டினார்.

அதிகாரி பேச்சுக் கேட்க வந்தவரில்லை. “இதைப் போடுங்கோ ரீச்சர்,” என்று கிட்ட இருந்த மிசினைக் காட்டினார். நூறு வீதம் என்றது, அணைந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். அவர் முகம் இறுகிக்கொண்டு வந்தது.

“நீங்கள் ஒழுங்கா ஏத்தி இறக்கேல்லைப்போலை கிடக்கு, பிள்ளை,” என்றார் அரியநாயகம், எல்லாருக்கும் கேட்க.

கேதீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானத்தைவிட, முன் வாங்கில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க ஏலாமல் இருந்தது.

“பொட்டு வைச்சதை விட்டிட்டுக் கண்டதிலை தொடங்கினால் என்னெண்டு சரிவரும்?” சிவகுரு குறுக்கே விழுந்தார். “ஐயா, உங்கடை கையாலை.”

அரியநாயகம் பொத்தானை அமத்தினார். மிசின் ஓடியது.

ஓடிக்கொண்டே இருந்தது. நேற்றுத் தன் கையில் அணைந்த அதே மிசினில் கேதீஸ்வரி பாடம் நடத்தினாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயரைத் தட்டிப் பார்த்தார்கள். மணி அடித்தும் திரை அணையவில்லை.

“பாடம் இஞ்சையே நடக்கட்டும்,” என்றார் அதிகாரி.

“கண்டியளோ? எல்லாம் என்ரை சீடி,” என்றார் அரியநாயகம்.

“வேறை என்ன, ஐயா!” என்று கையைப் பிசைந்த சிவகுரு, அறையைத் திறந்து பையை எடுத்துவந்து, இறங்குதுறை மட்டும் தானே சுமந்துபோய் வள்ளத்தில் வைத்துவிட்டு வந்தார். இந்த மனுசனுக்குக் கீழே வேலை செய்வதே கேவலம் என்று கேதீஸ்வரி நினைத்தாள்.

அடுத்த நாள் காலை அவள் அதிபரின் அறையில் நின்றபோது அவருடைய போன் அடித்தது. அரியநாயகம் கொழும்பிலிருந்து போட்ட சத்தம் அவளுக்கும் கேட்டது.

“மாஸ்டர், என்ரை லப்ரொப் வயரைக் கழட்டினோடனை அணையுது. புதுப் பற்றறி, ஒரு நிமிசமும் நிக்குதில்லை. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை.”

சிவகுரு கதிரையை விட்டு எழும்பி நின்றார். குரலில் நேற்றைய பணிவு கொஞ்சமும் குறையவில்லை.

“உங்கடை சீடியைப் போட்டுப் பாருங்கோ, ஐயா.”