பதினோரு மணிப் பக்கம்

"பதினோரு மணிப் பக்கம். அம்பது அடி. ரெண்டு மீன்," என்றார் கழுகு.

மீன் எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மீனை விடுங்கள், படகின் முனையில் தூண்டிலோடு நின்ற பெரியவரே வெள்ளைச் சட்டை போட்ட புகைமூட்டமாகத்தான் தெரிந்தார்.

ஒரு காலத்தில், பறக்கிற கொக்கின் காலில் எவ்வளவு சேறு ஒட்டியிருக்கிறது என்று சொல்வாராம். அதனால் வைத்த பெயர். கண் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

படகின் மூக்கைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு, மீன் நிற்கும் திசையை மணியாகச் சொல்வது இந்தத் தொழிலின் வழக்கம். பின்னால் நின்று கம்பு ஊன்றுகிறவர் சொல்லவேண்டும். முன்னால் நிற்பவர், இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய் இறாலை அங்கே வீசவேண்டும். கம்பு ஊன்றுகிறவருக்குக் கண் தெரியும் என்பது எல்லோரும் கேட்காமலே நம்புகிற விஷயம்.

பெரியவர் வீசினார். "ஆமா, தெரியுது," என்றார்.

தெரிகிறதாம். காலையிலிருந்து எட்டு மீன் சொல்லியாயிற்று, எட்டும் கழுகின் வாயில் பிறந்தவை. எட்டையும் பார்த்துவிட்டார் மனிதர். காசு கொடுத்து மீன் பிடிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான், தெரியவில்லை என்று சொன்னால் கௌரவம் குறைந்துவிடும். சரி, பொய்க்குப் பொய் நேராயிற்று என்று கழுகு கம்பை ஊன்றினார்.

போன வாரம் அவர் படகை மணல்திட்டில் ஏற்றிவிட்டார். அதற்கு முந்தின வாரம், படகு முதலாளியம்மா என்று நினைத்து ஐஸ் பெட்டிக்கு வணக்கம் வைத்தார். அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. ஆனால் கழுகின் மச்சினன் தினமும் சாயங்காலம் வந்து படகைத் துடைத்துவிட்டுப் போகிறான். தின்ற தட்டைக் கழுவாத பயல், யாரும் சொல்லாமல் படகைத் துடைப்பானா?

இன்றைக்கும் மீன் படாமல் திரும்பினால் நாளைக்குக் கம்பு அவன் கையில். அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று கழுகுக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

காலையில் கிளம்பும்போது முதலாளியம்மா சொன்னாள்: "அண்ணே, இவருக்கு நீங்கதான் கண்ணு. பத்திரமா கூட்டிட்டுப் போங்க."

குத்திக்காட்டுகிறாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்க, கழுகு "ம்" என்று மட்டும் சொன்னார். பெரியவரை அவர் மகள் கைபிடித்துப் படகில் இறக்கிவிட்டாள். ரொம்பத்தான் செல்லம் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. குனிந்து தண்ணீரில் கையை விட்டார். வெந்நீர். கோடையில் இந்தச் சூட்டில் எந்த மீன் நிற்கும்?

இன்னும் கொஞ்சம் தள்ளினார். கம்பின் நுனியில் சேறு போய் மணல் தட்டுப்பட்டது. மறுபடி கையை விட்டார். வெந்நீருக்குள் ஜில்லென்று ஓர் இழை ஓடியது.

கடல் ஏறத் தொடங்கிவிட்டது. குளிர்ந்த தண்ணீர் மணல்திட்டுகளுக்கு நடுவே உள்ள வாய்க்கால் வழியாகத்தான் உள்ளே வரும். அதன் பின்னாலேயே மீன் வரும், வரவேண்டும். தெற்குக் காற்று பிடரியில் பட்டது. அப்படியானால் மேற்கில் உள்ள வாய்க்கால் இடது பக்கம்.

"பத்து மணிப் பக்கம். நாப்பது அடி. மெதுவா."

பெரியவர் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். பிறகு வீசினார். "தெரியுது," என்றார்.

நூல் இழுபட்டு, தூண்டிலின் ரீல் கத்தியது.

கழுகு சொன்ன இடத்தில் மீன் இருந்ததற்கு அவரைவிட ஆச்சரியப்பட்டவர் அந்தக் கடலில் யாரும் இல்லை, அந்த மீனைத் தவிர.

அது ஓடியது, திரும்பியது, மறுபடி ஓடியது. கடைசியில் படகோரம் வந்து மூச்சு வாங்கியது.

"தண்ணி சூடு சார். வச்சிருந்தா செத்துரும், உடனே விட்டுரணும்."

பெரியவர் முழங்கால் போட்டு, மீனைத் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை தடவினார். தூண்டில் முள்ளைக் கழற்றி விட்டுவிட்டார். பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "இவ்ளோ இருக்குமா?"

"கூடவே இருக்கும் சார்," என்றார் கழுகு, கை எங்கே இருக்கிறது என்று தெரியாமலே.

மீன் போய்விட்டது. இனி அதற்குச் சாட்சி இந்தப் பெரியவர் ஒருவர்தான்.

துறை நெருங்கும்போது அந்தச் சாட்சி வாயைத் திறந்தது. "நான் நிறைய பேரோட போயிருக்கேன். எல்லாரும் 'அதோ, அதோ'ம்பாங்க. நீங்க ஒரு தடவகூட 'அதோ'ன்னு சொல்லல."

கண்டுபிடித்துவிட்டார் மனிதர். படகு துறையில் முட்டி நின்றது.

"எப்படி சார், ஏதாவது கிடைச்சுதா?" என்று மேலேயிருந்து முதலாளியம்மாவின் குரல் கேட்டது. பக்கத்தில் மச்சினனின் தலை எண்ணெய் மணத்தது. துணியோடு வந்துவிட்டான்.

"ஒண்ணு, பெருசு," என்றார் பெரியவர். "பேருக்கேத்த கழுகுதாம்மா இவரு. நாளைக்கும் இவரேதான் எனக்கு வேணும்."

கழுகுக்கு ஒன்றும் ஓடவில்லை. கண்டுபிடித்த மனிதர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை?

"இந்தாங்கப்பா," என்று மகள் எதையோ கொடுத்தாள். மடித்து வைத்திருந்த ஒன்று டக், டக், டக் என்று நிமிர்ந்தது. பிறகு ஒரு கோல், துறையின் பலகைகளை முன்னால் தட்டித் தட்டி வழி கேட்டுக்கொண்டே நகர்ந்தது.

முதலாளியம்மா காலையில் குத்திக்காட்டவில்லை என்பது கழுகுக்கு அப்போதுதான் உறைத்தது. கோல் தட்டும் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்.

"பாத்துப் போங்க சார்."

கோல் நின்றது.

"நீங்களும்," என்றார் பெரியவர்.