ஆ காட்டுங்க

பேருந்து நிலையத்துத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன் கணவன் இன்னொரு பெண்ணிடம் வாயை அகலத் திறந்து காட்டுவதை அவள் பார்த்தாள். அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அவன் சிரித்தான். வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது.

முதலில் தகவல் சொன்னவள், அவளோடு பல்பொருள் அங்காடியில் பில் போடும் தோழி. உன் வீட்டுக்காரர் தினமும் காலையில் கடைசி பெஞ்சில் ஒரு பச்சைப்பைக்காரியோடு உட்கார்ந்திருக்கிறார், அவள் கையில் எதையோ கொடுக்கிறாள், இவர் வாயில் போட்டுக்கொள்கிறார் என்றாள். கேட்டால் மழுப்புவார், கையும் களவுமாகப் பிடி என்று ஒரு யோசனையும் இலவசமாக வந்தது.

அவள் கேட்காமல் இருக்கவில்லை. அச்சகத்து வேலைக்கு இவ்வளவு சீக்கிரம் ஏன் கிளம்புகிறீர்கள் என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றான். பாப்பாவை நெஞ்சில் போட்டுத் தூங்கவைக்கிற மனிதன் திடீரென்று ஒருநாள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கூடத்து ஜன்னலடிக்குப் போய்விட்டான். குளிரிலும் ஜன்னலைச் சாத்தவிடவில்லை. என்ன ஆச்சு என்றால் அதற்கும் ஒண்ணுமில்ல. கொஞ்ச நாளில் தானாகவே திரும்பி வந்தான். அதற்கும் காரணம் சொல்லவில்லை.

சண்டை போட்டுப் பார்த்தாள். பேசாமல் இருந்து பார்த்தாள். உப்பே போடாமல் சமைத்துப் பார்த்தாள். அதையும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினான். சுவரில் முட்டிக்கொண்டால் சுவராவது சத்தம் கொடுக்கும்.

இன்று பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கடை சீருடையோடு அவனுக்கு அடுத்த பேருந்தில் ஏறிவிட்டாள்.

இதற்குமேல் பொறுக்க முடியவில்லை. நேராகப் போய் பெஞ்சுக்கு முன்னால் நின்றாள். வழியெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை.

"யாரு இவங்க?"

அவன் முகம் வெளுத்துப்போனது. பச்சைப்பைக்காரி பதறவில்லை. தெரிந்தவர்களா என்று அவனைக் கேட்டாள். அவன் தலையாட்டினான்.

"அப்ப நீங்களே சொல்லிடுங்க. நானா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான். "எனக்கு டிபி."

இருமல் நிற்கவில்லை, சுகாதார நிலையத்தில் சளியைச் சோதித்தார்கள், காசநோய் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். வெளியே தெரிந்தால் எல்லாரும் ஒதுங்கிவிடுவார்கள், அச்சகத்திலும் நிறுத்திவிடுவார்கள் என்று பயம். அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்தினான்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வேறொரு பெண் இல்லை, காசநோய். அதைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்ட பெண்டாட்டி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்தாள். வெட்கமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

பச்சைப்பைக்காரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து பையைத் திறந்து காட்டினாள். உள்ளே முழுக்க மாத்திரை அட்டைகள். மாத்திரை தொண்டைக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்ப்பதுதான் சுகாதார நிலையம் அவளுக்குக் கொடுத்த வேலையாம். இருமல் நின்றதும் பாதிப் பேர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்களாம். அரைகுறையாக விட்டால் கிருமி பழகிப்போய், அப்புறம் இந்த மாத்திரைக்கே அடங்காதாம். ஒருவர் நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து, அவள் தலை மறைந்ததும் துப்பிவிடுவாராம். அதனால்தான் எல்லாரையும் ஆ காட்டச் சொல்கிறாளாம்.

"சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வத்துது. இவரு ஒருத்தர்தான் ஒருநாள்கூட என்னை அலையவிட்டதில்ல."

அவள் மெதுவாக, இது ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டாள்.

தட்டு, டம்ளரில் ஒட்டுகிற நோய் இல்லை, காற்றில் பரவுகிறது என்றாள் பச்சைப்பைக்காரி. ஒழுங்காக மாத்திரை சாப்பிட ஆரம்பித்துச் சில வாரத்திலேயே பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். இப்போது இவர் பக்கத்தில் தாராளமாக உட்காரலாம், ஒன்றாகச் சாப்பிடலாம்.

"மாத்திரைக்கு முன்னாடி?"

"அப்பதான் ஆபத்து. மூடின ரூம்ல கூடப் படுக்கறவங்களுக்குத் தொத்திடும். சின்னக் குழந்தைங்கன்னா உடம்பு தாங்காது. சில சமயம் வெளியில ஒண்ணுமே தெரியாது, உள்ள இருக்கும். அதான் நோய்னு தெரிஞ்ச உடனே வீட்ல இருக்கற எல்லாரையும் வரச்சொல்லிப் பரிசோதிப்போம். நோய் இல்லாத குழந்தைங்களுக்கும் தடுப்பு மாத்திரை குடுத்துடுவோம்."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன், கிளம்பிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பச்சைப்பைக்காரி பையை மூடிக்கொண்டு எழுந்தாள். போகிற போக்கில் அவள் தோளை ஆறுதலாகத் தட்டினாள்.

"நல்ல வேளைம்மா, இவருக்குக் குடும்பமே இல்ல."