மோட்டார் கடையில் பேசாமல் நின்றவன்

மேரிசெல்வி கிரெடிட் கார்டை நீட்டினாள். கடைக்காரர் காசிலிங்கம் வாங்கப் போனதும் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கார்டுன்னா மேல ரெண்டு பர்சென்ட் போடுவீங்களாங்க?"

போடுவார்தான். மரக்காணம் மோட்டார் கடையில் கார்டு மெஷின் வைத்த நாளாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இதுவரை யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. அவர் பேச்சை மாற்ற, தவணைத் திட்ட அட்டையை எடுத்து வைத்தார்.

அவள் புருஷன் பிரபு சற்றுத் தள்ளி, ஹோஸ் பைப் சுருளைத் தடவிக்கொண்டு நின்றான். குத்தகைக்கு எடுத்த உப்பளத்தில் மோட்டார் காயில் எரிந்துவிட்டதாம். காயிலைத் திரும்பக் கட்டிவாங்க நாலு நாள் இழுக்கும். கத்திரி வெயிலில் நாலு நாள் பாத்திக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் வருஷச் சம்பாத்தியத்தில் பெரிய ஓட்டை விழும். இன்றைக்கே புது மோட்டார் ஓடியாக வேண்டும்.

அவசரத்தில் வருகிறவர்கள் கணக்குப் பார்க்கமாட்டார்கள் என்பது காசிலிங்கத்தின் அனுபவம். இவள் பார்த்தாள்.

பன்னிரண்டு மாதத் தவணை, வட்டியே கிடையாது என்று அவர் ஆசை காட்டினார். பிராசஸிங் சார்ஜ் எவ்வளவு, அதற்கு ஜிஎஸ்டி எவ்வளவு, மழை மாதங்களில் உப்பே இல்லாதபோது தவணையை யார் கட்டுவது என்று விடாமல் கேட்டாள்.

தவணை வேண்டாம், மொத்தமாகவே தேய்க்கலாம் என்று தீர்ப்பும் அவளே சொன்னாள். பில் தேதி நேற்றோடு முடிந்ததாம். இன்று தேய்த்தால் அடுத்த மாத பில்லில்தான் வரும். அதைக் கட்ட இன்னும் கொஞ்சம் கெடு உண்டு. அதற்குள் குவித்து வைத்திருக்கும் உப்பு லாரி ஏறிவிடும்.

காசிலிங்கம் அசந்துபோனார். கோபம் வர வேண்டிய இடத்தில் அவருக்குச் சந்தோஷம் வந்தது. ரெண்டு பர்சென்ட்டைத் தாமாகவே விட்டுக்கொடுத்தார்.

கூடவே பிரபுவைப் பார்த்துப் பரிதாபமும் பட்டார். பெண்டாட்டி இவ்வளவு பேச, இவன் பைப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறானே.

மெஷினிலிருந்து சீட்டு வந்தது.

"ஏம்பா, நீ குடுத்துவச்சவன்யா. இந்தம்மா மட்டும் இல்லன்னா உன்னை யாரு வேணா மொட்டை அடிச்சிடுவாங்க."

பிரபு தலையாட்டிச் சிரித்தான். மேரிசெல்வி சிரிக்கவில்லை.

"கேட்டதெல்லாம் அவரு கேள்விங்க. வர்ற வழியெல்லாம் வண்டியில சொல்லிக்குடுத்துக்கினே வந்தாரு. கடைக்காரங்க சிரிச்சிப் பேசினா அவருக்கு வேணாம்னு சொல்ல வாய் வராது. அதான் என்னை இட்டாந்தாரு."

மீதியும் அவள் சொல்லித்தான் தெரிந்தது. கூலிக்கு உப்பு வாரிய காலத்தில் முதன்முதலில் கார்டு கைக்கு வந்தபோது, மழைக்காலத்தில் உப்பள ஓனர் கொடுக்கும் அட்வான்ஸ் மாதிரிதான் இதுவும் என்று பிரபு நினைத்துவிட்டான். ஓனர் அட்வான்ஸுக்கு வட்டி கிடையாது. சீசன் தொடங்கியதும் கூலியில் கழிந்துவிடும். அந்த நம்பிக்கையில் மழை விடுவதற்குள் லிமிட் முழுவதையும் தீர்த்தான். பிறகு மாதாமாதம் பில்லில் போட்ட மினிமம் தொகையை மட்டும் கட்டிவந்தான்; மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே போனது.

அதை அடைக்க மூன்று சீசன் கூலி போனது. அவள் காதுத் தோடும் போனது. அதன் பிறகு, வருஷக் கட்டணம் இல்லாத, லிமிட் குறைந்த இந்தக் கார்டை அவனேதான் அலசி ஆராய்ந்து எடுத்தானாம்.

காசிலிங்கம் அப்போதுதான் பிரபுவைச் சரியாகப் பார்த்தார். தன்னால் முடியாதது எது என்று தெரிந்துகொண்டு, அதைப் பெண்டாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு ஓரமாக நிற்கிறான். இதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று தோன்றியது.

மோட்டாரை வண்டியில் கட்டி முடிக்கும்வரை கூடவே நின்றார். பிரபு வண்டியைக் கிளப்பப் போனபோது ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். கடைப் பையன்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"தம்பி, நானும் என் கார்டுக்கு ரெண்டு வருஷமா மினிமம்தான் கட்டிக்கினு இருக்கேன். நீ எப்படிப்பா வெளிய வந்த?"