போன வருஷத்துக் கோப்பை

கோட்டை முற்றத்துக் கிறிஸ்துமஸ் சந்தையில், சுடவைத்த ஒயினைப் பீங்கான் கோப்பையில் தருவார்கள். அதில் கோட்டையின் படமும் அந்த வருஷமும் இருக்கும். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் கோப்பைக்குக் கட்டிய முன்பணம் கிடைக்கும், பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். போன டிசம்பரில் வாசுகி தன்னுடையதைக் கைக்குட்டையால் துடைத்துப் பைக்குள் வைக்கப் போனாள்.

"வீட்ல டம்ளரே இல்லாத மாதிரி பண்ற," என்றேன்.

"நாம சேர்ந்து ஒரு இடத்துக்கு வந்தோம்ங்கிறதுக்கு ஒரு சாட்சி வேணாமாங்க?"

"கோர்ட்ல கேட்டா நானே சொல்றேன், குடு."

என் ஜோக்குக்கு நானே சிரித்துக்கொண்டு, வரிசையில் நின்று இரண்டையும் திருப்பிக் கொடுத்தேன். ஏப்ரலில், விவாகரத்துக்கு நின்றபோது, இருவரும் சந்தோஷமாக எங்காவது போனதுண்டா என்று நீதிபதி நிஜமாகவே கேட்டார். எனக்கு ஓர் இடமும் ஞாபகம் வரவில்லை.

இந்த டிசம்பரில் தனியாகப் போனேன். அவளுக்கு அனுப்பலாமென்று போன வருஷத்துக் கோப்பையைக் கேட்டேன். "கோட்டை அதேதான், வருஷம்தான் வேற," என்றாள் கடைக்காரப் பெண். அந்த வருஷம்தான் வேண்டும் என்றேன். என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, கரண்டிகள் போட்டிருந்த ஒரு பழைய கோப்பையைக் காலிசெய்து கழுவி, அதிலேயே ஒயின் ஊற்றிக் கொடுத்தாள். பிடி உடைந்திருந்தது. இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன். பழக்கம் எங்கே போகும்? குடித்ததும் கால்கள் தாமாகவே திருப்பிக் கொடுக்கும் வரிசையில் போய் நின்றன. அங்கிருந்த அம்மாள் வருஷத்தைப் பார்த்தாள்.

"போன வருஷத்தைத் திரும்ப வாங்கறதில்லை."

ஓரமாக நகர்ந்து நின்று, கோட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடினேன்.