வெனிஸ் கண்ட வேதாசலம்

“வெனிஸ் காற்றுதான் என் பேனாவைத் திறந்தது! கடல் கடக்காதவனுக்கு எழுத்து கைகூடாது!” என்று ஆம்பூரில் நடந்த தம் பாராட்டு விழாவில் முழங்கிவிட்டு, கைதட்டலுக்கு நடுவே மேடையிலிருந்து இறங்கினார் வேதாசலம். பக்கத்திலிருக்கும் நாட்றம்பள்ளியைக்கூடத் தாண்டாமல், யூடியூப் பார்த்தே அவர் எழுதிய பயண நூலுக்குத்தான் அந்த விழா.

மனைவி சுந்தரி ஓடிவந்து காதைக் கடித்தாள். “அதோ, தபரேஸ்னு ஒருத்தர். வெனிஸ் பக்கத்துல பன்னெண்டு வருஷமா இருக்காராம். உங்களைத்தான் தேடறாரு. இன்னிக்கு மானம் போவப்போவுது!”

வேதாசலம் பின்வாசல் வழியாக நழுவுவதற்குள் தபரேஸ் கையைப் பிடித்துவிட்டார்.

“சார், உங்க புக்கைப் படிச்சேன். கொஞ்சம் தனியா வாங்க.”

வேதாசலம் தூண் ஓரம் ஒதுங்கினார்.

“படகு, பாலம், புறா... இவ்ளோ இருக்கா சார் அங்க?”

“இன்னா பாய், உங்களுக்குத் தெரியாததா?”

“நான் எங்க சார் பாத்தேன்! தோல் பதனிடற டேனரியை விட்டா ரூமு, ரூமை விட்டா டேனரி. ஊர் எப்பிடின்னு வீட்ல கேட்டா, உங்க புக்கைத்தான் போன்ல படிச்சுக் காட்டுவேன்.”

வேதாசலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இப்ப என் சம்சாரம் வாசல்ல நிக்கறா சார். ஒரு போட்டோகூட இல்லியேன்னு ஜாஸ்தி சந்தேகப்படறா. என்னை அங்க படகுல பாத்ததா ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“பாத்ததாவா? படகுக்கு டிக்கெட் எடுத்ததே நான்தானே பாய்!” என்றபடி வாசலை நோக்கி முன்னால் நடந்தார் வேதாசலம்.