தியேட்டர் வழியாக

பாடை தெருமுனையில் திரும்புவதை நிலவழகன் பார்த்துவிட்டான்.

பார்த்த பிறகும் பாட்டை நிறுத்தவில்லை.

அறந்தாங்கியில் அந்தத் தியேட்டர் வாசலில் பொங்கலுக்குக்கூட இவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை. படம் தீபாவளிக்குத்தான் வருகிறது. அதன் டிரெய்லரை இன்று சாயங்காலம் உள்ளே பெரிய திரையில் இலவசமாகக் காட்டுகிறார்கள். தீபாவளி வரை பொறுக்க முடியாதவர்கள் எல்லாம் வெயிலில் நின்றார்கள்.

கதவு திறக்கிறவரை வாசலில் போட்ட மேடையிலிருந்து பாட்டுப் போட்டு அவர்களை ஆடவைப்பது நிலவழகனின் வேலை.

படத்தின் தீம் இசையை எடுத்து, அடியில் ஹவுஸ் என்கிற வெளிநாட்டு ஆட்ட இசையின் தாளத்தை ஓடவிட்டு அவனே செய்த மிக்ஸ். கூடாமல் குறையாமல் ஒரே சீராக விழும் அடி. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எங்கே செட் போட்டாலும் நடுவில் ஒரு ஹவுஸ் பாட்டைச் செருகிவிடுவான். திட்டும் வாங்குவான்.

"என்னப்பா இது, மாவு மில்லு ஓடுற மாதிரியே இருக்கு. ஆளுக்கு அருள் வர்ற மாதிரி ஏதாச்சும் போடுப்பா," என்று சற்று முன்புகூட ரெங்கராஜ் கத்தினார். ஸ்பீக்கர் பாக்ஸும் ஜெனரேட்டரும் அவருடையவை.

இந்த ஊரில் ஹவுஸுக்கென்று வருகிறவன் ஒருவன்தான். ஆடமாட்டான். பாஸ் பாக்ஸில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பான். பெயர் கேட்டதில்லை. படம் வரட்டும், அப்புறம் மிக்ஸ் பண்ணலாம் என்று நிலவழகன் சொன்னபோது, டிரெய்லர் அன்றைக்கே போடச் சொன்னவன் அவன்தான்.

இன்று ஆளைக் காணவில்லை. வேலை கிடைத்து வெளியூர் போயிருப்பான்.

சவம் போகும்போது செட்டை நிறுத்த வேண்டும். இந்த வேலைக்கு வருகிறவனுக்கு வயர் சுற்றக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள். மாப்பிள்ளை அழைப்பாக இருந்தாலும் நிறுத்த வேண்டும். எதிரே டீக்கடையில் டிவியை அணைத்துவிட்டார்கள். மருந்துக்கடையில் ஷட்டர் பாதி இறங்கியது.

பாட்டு ஏறிக்கொண்டிருந்தது.

அந்த ஏற்றத்தைச் செய்யத்தான் அவன் அதிக நாள் உட்கார்ந்தான். கிக் என்கிற அந்தச் சீரான அடி முழுதாக அடங்கும். கைதட்டல் மட்டும் நெருங்கி நெருங்கி வரும். உச்சியில் ஒரு கணம் ஒன்றுமே இருக்காது. பிறகு கிக் விழும்.

அது விழுந்ததும் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

பாடைக்கு முன்னால் கொட்டு அடித்து வந்தவர்கள், தியேட்டரை நெருங்கியதும் அடிப்பதை நிறுத்தினார்கள்.

தன்னுடைய சத்தத்தில் அவர்களுடையது அமுங்கிவிட்டது. அதனால்தான் நிறுத்திவிட்டார்கள்.

தூக்கி வந்தவர்களும் நின்றார்கள். நேராக பாக்ஸுக்கு எதிரே. முன்னால் தோள் கொடுத்திருந்த பெரியவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

ஒரு பாட்டுக்காக ஒரு சவத்தை நடுத்தெருவில் நிற்கவைத்துவிட்டான்.

பட்டனை அழுத்தினான். கிக் விழ வேண்டிய இடத்தில் ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் கோபமாகத் திரும்பினார்கள். பாடையைக் கண்டு கைகளை இறக்கினார்கள். ஒருவன் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டான்.

பாடை நகரவில்லை.

வழிக்காக நிற்கிறார்கள் என்று நினைத்தான். மேடையிலிருந்து குதித்து, "ஒதுங்குங்கப்பா, அங்கிட்டு ஒதுங்குங்க," என்று கூட்டத்தைத் தள்ளினான். வழி கிடைத்தது.

அப்போதும் நகரவில்லை. பெரியவர் இன்னும் பாக்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலவழகன் கைகூப்பினான். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் மாற்றினார்கள். சாமந்தி உதிர உதிரப் பாடை அவனைத் தாண்டிப் போனது. கொட்டு அடிக்காமலே போனார்கள்.

கடைசியாக ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். நிலவழகன் அவர் முன்னால் போய் நின்றான்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. வந்ததக் கவனிக்கல."

அந்தப் பொய்யும் சேர்ந்து உறுத்தியது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "எங்களுக்குச் சுடுகாடு எங்க தெருவுக்குப் பின்னாடியேதான் இருக்கு. இங்கிட்டு வர்ற வழியே இல்ல."

அவனுக்குப் புரியவில்லை.

"எங்க அண்ணன் மகன். ஒங்க பாக்ஸுல கைய வச்சுக்கிட்டு நிப்பான்ல, அவன். இன்னைக்கு என்னமோ போடப் போறீங்கன்னு வாரம் பூரா அதே பேச்சுதான். ஒரு தடவ கேட்டுட்டுப் போகட்டும்னு முன்னாடி தோள் குடுத்த அவங்கப்பாதான் சுத்திக் கொண்டாரச் சொன்னாரு. கொட்ட நிறுத்தச் சொன்னதும் அவருதான்."

நிலவழகன் பைக்கின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லியிருக்கலாமேண்ணே."

"பாடையத் தூக்கிட்டு வந்து பாட்டுப் போடுங்கன்னு எப்படிப்பா கேக்குறது? வந்தா, நீங்களே போட்டுக்கிட்டு இருந்தீங்க."

பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார்.

நிலவழகன் மேடைக்கு ஓடினான். லேப்டாப் திரையில் பாட்டு விட்ட இடத்திலேயே நின்றிருந்தது. கிக்குக்குச் சற்று முன்னால்.

பட்டன்மேல் விரலை வைத்தான்.

தெரு வளைவுக்கு அந்தப் பக்கம் கொட்டு மறுபடி கேட்கத் தொடங்கியது.